ஓசையும் விசையும்



சில திங்களுக்கு முன் என் தமக்கையின் மகன் ஒரு தாளைக் கையில் ஏந்திக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தான். கல்லூரிப் படிப்பை முடித்து வேலையில் அமர்ந்து அவனுக்கு இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. 1,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின் பொருந்திய சிறிய கார் ஒன்றை அவன் வாங்கியிருக்கிறான். அவன் கொணர்ந்த தாள் ஒரு பட்டறையார் எழுதிக் கொடுத்த செலவு மதிப்பீடு. துருப்பிடிக்காத எஃகினால் அவன் வண்டிக்கென்றே வளைத்துச் செய்யப்படும் புகைக்குழாய், அகன்ற வாயுள்ள சைலன்சர், எஞ்சினை ஆளும் சிறு கணினியின் நிரலைத் திருத்தி எழுதும் கூலி ஆகிய யாவும் சேர்ந்து 90,000 ரூபாய் என்று அதில் கண்டிருந்தது.

"மாமா, இவற்றைச் செய்தால் வண்டியின் திறன் கூடும் என்கிறார்கள். ஆனால் என் சேமிப்பு ஏறத்தாழ முழுவதும் இதற்கே போய்விடும். செய்யலாமா, வேண்டாமா? நீங்கள் எஞ்சின்களைப் பற்றிப் பாடம் சொல்லுகிறவர்கள், நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

வேண்டாம் என்று ஒரே சொல்லில் நான் விடை கூறியிருக்கலாம். வயதில் மூத்தோர் பலரும் அவ்வாறே செய்கிறோம். ஆனால், காரணம் காட்டாமல் சொல்லப்படும் 'வேண்டாம்' இளைஞரின் ஆசையை வளர்க்குமேயன்றித் தணிக்காது. அன்றியும் அவன் கேட்டது வீண் கேள்வி அன்று. உழைத்து ஈட்டிய பொருளைக் கொடுக்குமுன், அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று கேட்பது அறிவுடையோர் செயல். ஆதலின் இருவரும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தோம். அந்தக் கணக்கையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில், புகைக்குழாய்க்கும் எஞ்சினின் திறனுக்கும் என்ன தொடர்பு என்று காண்போம்.

எஞ்சின் மூச்சு விட்டு வாழும் ஒரு பொறி. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சிலிண்டருக்குள் புகுகிறது. பிஸ்டன் மேலேறி அதனை அழுத்துகிறது. தீப்பொறி பட்டுக் கலவை எரிந்து விரிய, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. இதுவே நமக்குப் பயன்படும் வேலை. பிஸ்டன் மீண்டும் மேலேறுகையில் எரிந்த புகை வெளியேறுகிறது. இந்த நான்கு வீச்சுகளும் மாறி மாறி நிகழ்கின்றன. ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு செலுத்துவது எளிது. காற்றோ சிலிண்டரில் இருக்கும் இடத்தைப் பொறுத்தே உள்ளே வரும். எனவே, எஞ்சினின் திறனைப் பெருக்க விரும்புவோர் அனைவரும் கடைசியில் காற்றைப் பற்றியே கவலைகொள்ள வேண்டியவர்களாகின்றனர்.

கூட்டம் மிக்க பேருந்தை நினைத்துப் பாருங்கள். இறங்குவோர் இறங்கினாலன்றி ஏறுவோர் ஏற இயலாது. அவ்வாறே, பழைய புகை வெளியேறினாலன்றிப் புதிய காற்று முழுமையாக உள்ளே வாராது. புகைக்குழாயின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. பட்டறையார் கூறுவது முழுப் பொய் அன்று. அதில் உண்மை உண்டு. அந்த உண்மை எவ்வளவு என்பதே கேள்வி.

எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் புகையை வெளிவிடும். ஆகவே ஒரு சிலிண்டர் நொடிக்கு 50 முறையும், நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து நொடிக்கு 200 முறையும் புகை விடுகின்றன. புகை ஆற்று நீரைப் போல் ஒரே சீராக ஓடுவதில்லை. நாடித் துடிப்பைப் போல் விட்டு விட்டு வருகிறது. வால்வு திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாயின் வழியே ஒலியின் வேகத்தில் விரைகிறது. சூடான புகையில் அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். குழாயின் திறந்த முனையை அடைந்ததும் அந்த அலை அழுத்தக் குறைவாக மாறித் திரும்பி வருகிறது. அது தக்க தருணத்தில் வால்வை வந்தடையுமாயின், சிலிண்டரில் எஞ்சிய புகையை வெளியே இழுக்கும். புதிய காற்றும் அதன்பின் விரைந்து உட்புகும். தருணம் தவறினாலோ உதவி கிட்டாது. சில வேளைகளில் இடையூறும் நேரும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. மாணவர்கள் மனத்திலேயே போட்டுப் பார்க்கலாம். குழாயின் நீளம் 1 மீட்டர் எனின், அலை போய்த் திரும்ப 2 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 4 பங்கு. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுழலும்போது அந்த நேரத்தில் அதன் தண்டு 144 பாகை திரும்பிவிடும். 3,000 சுற்றுச் சுழலும்போது 72 பாகையே திரும்பும். குழாய் ஒன்றே, அலையும் ஒன்றே. ஆயினும் ஒரு வேகத்தில் உரிய வேளையில் வந்து உதவும் அலை, மற்றொரு வேகத்தில் வேளை தவறி வருகிறது. எல்லா வேகங்களிலும் ஒருங்கே உதவும் குழாயை வளைத்துத் தர எந்தக் கம்மியராலும் இயலாது. ஓரிடத்தில் பெறுவதற்கு மற்றோரிடத்தில் இழக்க வேண்டியிருக்கும். குழாய் அகன்றிருந்தால் நன்மையே என்பதும் பொருந்தாது. அளவுக்கு மீறி அகன்ற குழாயில் புகையின் வேகம் குறைந்து, தாழ்ந்த சுழற்சியில் எஞ்சின் சோர்வதுண்டு.

புகைக்குழாயின் வடிவம் உண்மையிலேயே பெருவியப்பை விளைத்த வரலாறும் உண்டு. அக்காலத்துக் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியியலறிஞர் பணியாற்றினார். இருவீச்சு எஞ்சினில் எழும் அலைகளை அவர் கருவிகொண்டு ஆராய்ந்தார். அவ்வகை எஞ்சினின் வெளியேற்றும் வாய்க்கு வால்வு இல்லை. புதிய கலவை உள்ளே வரும்போதே புகை வாய் திறந்திருக்கும். முதலில் விரிந்து பின்னர்க் குவியும் குழாயைப் பொருத்தினால், விரியும் பகுதி புகையை இழுக்கும். குவியும் பகுதி வழிந்தோடிய புதிய கலவையைத் திருப்பித் தள்ளும். இம்முறையைச் செம்மைசெய்து, 1961இல் 125 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து 25 குதிரைத் திறனை அவர் பெற்றார். லிட்டர் ஒன்றுக்கு 200 குதிரைத் திறன் என்னும் கணக்கு அது! அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்வீடன் நாட்டுப் பந்தயத்தின்போது அந்நிறுவனத்தின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் தம் நாட்டை விட்டு வெளியேறி, ஜப்பானிய சுசூகி நிறுவனத்தைச் சேர்ந்தார்; அந்த நுட்ப அறிவும் அவரோடு சென்றது. 1962இல் 50 கன சென்டிமீட்டர் வகுப்பில் உலகப் பட்டம் சுசூகியில் ஏறிய டெக்னருக்குக் கிட்டியது.

இந்தக் கதையைக் கேட்டதும் என் மருமகனின் கண்கள் ஒளிர்ந்தன. "அப்படியானால் குழாயில் மந்திரம் இருக்கிறதே, மாமா!" என்றான். மந்திரம் அன்று, கணக்கு என்றேன். காடன் செய்தது இருவீச்சுப் பந்தய எஞ்சின். மிகக் குறுகிய சுழற்சி எல்லைக்குள்தான் அது தன் வலிமையைக் காட்டும். அந்த எல்லைக்குள் எஞ்சினை நிறுத்த ஓட்டுநர் இடைவிடாமல் கியரை மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். பந்தயத் திடலுக்கு அது பொருந்தும். பால் வாங்கச் செல்லும் வண்டிக்குப் பொருந்துமோ?

காருக்கும் ஒரு சான்று கூறுகிறேன். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறு காரின் எஞ்சின் 848 கன சென்டிமீட்டர். திறன் 34 குதிரைத் திறன். பந்தயக் கார் அமைப்பாளர் ஜான் கூப்பரின் முயற்சியால் 1961இல் வெளிவந்த மினி கூப்பரில் அது 55 ஆக உயர்ந்தது. எப்படி உயர்ந்தது? எஞ்சினின் கொள்ளளவை 997 ஆகப் பெருக்கினார்கள். ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு வைத்தார்கள். காற்று புகும் வால்வுகளைப் பெரிதாக்கினார்கள். அத்தோடு நிற்கவில்லை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்தினார்கள். ஓடும் ஆற்றலைக் கூட்டியவர்கள், நிற்கும் ஆற்றலையும் கூட்ட மறக்கவில்லை. இதன் வலிமை மிக்க உடன்பிறப்பான கூப்பர் எஸ் 1964இல் மாண்டி கார்லோ நெடும்பந்தயத்தில் முதலிடம் பெற்றது. ஒரே உறுப்பை மாற்றிப் பெற்ற வெற்றியன்று அது; எல்லா உறுப்புகளையும் ஒன்றுக்கொன்று இசைய அமைத்ததன் பயன்.

இனி, என் மருமகனின் வண்டிக்கு வருவோம். அதன் எஞ்சின் 82 குதிரைத் திறன் உடையது. டர்போ இல்லாத இத்தகைய எஞ்சினில், குழாயை மாற்றி நிரலையும் திருத்துவதால் கிடைப்பது சில விழுக்காடே. தாராள மனத்தோடு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 82 என்பது 86 ஆகும். இதனால் வண்டியின் உச்ச வேகம் எவ்வளவு உயரும்? மிகுந்த வேகத்தில் காற்றின் தடையை வெல்ல வேண்டிய திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப வளர்கிறது. ஆதலின் திறன் 5 விழுக்காடு கூடினால் வேகம் 1.6 விழுக்காடே கூடும். 160 கிலோமீட்டர் ஓடிய வண்டி 162 அல்லது 163 ஓடும். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 13 நொடி ஆயிற்றெனின், இனி அரை நொடியளவு குறையும். அதுவும் மிதியை முற்றும் அழுத்தி, உயர்ந்த சுழற்சியில் எஞ்சினை ஓட்டினால் மட்டுமே.

நாள்தோறும் நாம் அவ்வாறா ஓட்டுகிறோம்? சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகச் செல்ல, சிறிய காருக்குப் பத்துக் குதிரைத் திறன்கூடத் தேவையில்லை. சென்னையின் காலை நெரிசலில் அந்த வேகமே வாய்ப்பதில்லை. இருக்கும் 82இல் எழுபதுக்கு மேல் உறங்கிக்கொண்டிருக்கையில், இன்னும் நான்கை வாங்கி எங்கே கட்டிவைப்பது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 25 பாகை வெப்பமுள்ள விடியற்காலைக் காற்றைவிட, 38 பாகை வெப்பமுள்ள நண்பகல் காற்று ஏறத்தாழ 4 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. நண்பகலில் பழைய குழாயோடும், மறுநாள் விடியலில் புதிய குழாயோடும் ஓட்டிப் பார்ப்பவர், விடியற்காலை தந்த பரிசைக் குழாய் தந்ததாக எண்ணிவிடக்கூடும். இதனால்தான் வண்டியை டைனமோமீட்டர் உருளைகளின்மேல் நிறுத்தி, வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் கணக்கில் கொண்டு, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அளக்கிறார்கள். முன்னளவு இல்லாத பின்னளவால் பயனில்லை.

செவி நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நானே சான்று. கல்லூரி நாளில் என்னிடம் இருவீச்சு மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. நண்பர்களின் சொல் கேட்டு, சைலன்சரின் உள்ளே இருந்த தடுப்புக் குழலைக் கழற்றி எறிந்தேன். வண்டி முழங்கியது. தெருவே திரும்பிப் பார்த்தது. முன்னினும் விரைவாக ஓடுவதாக நான் உறுதியாக நம்பினேன். வகுப்புத் தோழன் ஒருவன் மட்டும் நம்பவில்லை. அவன் ஒரு நிறுத்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, ஊர்ப்புறச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே என்னை ஓடச் செய்தான். குழலின்றி மூன்று முறை. குழலைத் தேடியெடுத்துப் பொருத்தியபின் மூன்று முறை. சராசரி பார்த்தபோது, குழலோடு ஓடிய வண்டியே இரண்டு நொடி விரைவாக வந்திருந்தது. ஓசையை நான் விசை என்று எண்ணியிருந்தேன்.

அதைவிட எனக்கு வருத்தம் தந்த செய்தி பின்னரே தெரியவந்தது. அடுத்த வீட்டில் இதய நோயினின்று தேறிவந்த முதியவர் ஒருவர் இருந்தார். இரவில் என் வண்டி தெருவில் நுழையும்போதெல்லாம் அவர் திடுக்கிட்டு விழித்து, பின்னர் உறக்கம் கொள்ளாமல் உட்கார்ந்திருப்பாராம். அவர் என்னிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அவருடைய துணைவியார் என் அன்னையிடம் சொல்ல, அன்னை என்னிடம் சொன்னார். அந்த மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முதியவரின் முகமே. எந்த மதிப்பீட்டிலும் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. அதனைப் பெரும்பாலும் அண்டை வீட்டார் செலுத்துகின்றனர்.

எழுதப்படாத செலவுகள் இன்னும் சில உள. புகைப்பாதையில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசிய வினையூக்கிப் பெட்டி ஒன்று இருக்கிறது. நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுவது அதன் தொழில். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் கடுமையான விதிமுறை நடைமுறைக்கு வந்தது. புகை எளிதாக வெளியேறட்டும் என்று அந்தப் பெட்டியை அகற்றுவோர், தாம் பெறும் சிறு திறனுக்காகப் பிறர் சுவாசிக்கும் காற்றை விலையாகக் கொடுக்கின்றனர்.

சட்டமும் இதனை ஒப்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று வாகனம் மாறுபடுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஒலி, காற்று மாசு பற்றிய விதிகளை மீறுவோர்க்குப் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க அச்சட்டத்தில் இடம் உண்டு. உத்தரவாதம் முறிவதும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் எழுவதும் வேறு.

அப்படியாயின், எஞ்சினைத் திருத்துவது எப்போதுமே வீண் என்று நான் கூறுகிறேனா? இல்லை. டர்போ பொருந்திய எஞ்சினில், காற்றை எவ்வளவு அழுத்தி உள்ளே செலுத்துவது என்பதைக் கணினி நிரலே முடிவு செய்கிறது. ஆதலின் அங்கே நிரலைத் திருத்துவதால் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் திறன் கூடுவதுண்டு. ஆனால் கிளட்சும், கியர்ப்பெட்டியும், பிஸ்டனும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தயத் திடலில் மட்டும் ஓடும் வண்டிக்கு அரை நொடியும் பொன்னாகும். அங்கே 90,000 ரூபாய் மிகையன்று. பழைய குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் அதனை மாற்றியே ஆக வேண்டும். எஞ்சினின் இனிய நாதத்தில் மகிழ்வதும் குற்றமன்று. இசைக்குப் பொருள் செலவிடுவோர் இல்லையா? ஆயினும் இன்பத்திற்காகச் செலவிடுபவர், இன்பத்திற்காக என்றே சொல்லிச் செலவிட வேண்டும். திறனுக்காக என்று தம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது. அந்த இசையும், கேட்க விரும்பாதார் செவியில் சென்று விழலாகாது.

ஆகவே பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு அவனிடம் கூறினேன். என் வண்டியில் இப்போது குறைவது எது? அக்குறையை அளந்து பார்த்தேனா? அதனை நீக்கும் செலவில் என் பங்கு எவ்வளவு, பிறர் பங்கு எவ்வளவு?

அவன் தாளை மடித்து எடுத்துச் சென்றான். இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் என்ன செய்தான் என்பதையும் கூறிவிடுகிறேன். அடைபட்டிருந்த காற்று வடிகட்டியையும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினான். வழுக்கையாகிப் போன டயர்களுக்கு ஈடாகப் புதியன வாங்கினான், பிரேக்கைச் சீர்படுத்தினான். எல்லாம் சேர்த்தும் மதிப்பீட்டுத் தொகையில் பாதி ஆகவில்லை. எஞ்சிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் ஒருநாள் பயிற்சிக்குச் சென்றான். வேகமாக ஓட்ட ஆசையுள்ளோர்க்கு உரிய இடம் பொதுச் சாலையன்று, அத்தகைய திடலே.

மாலையில் திரும்பியவன் நேரே என் வீட்டிற்கு வந்தான். அவன் தன் வண்டியை எவ்வளவு விரைவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு விரைவாக ஓட்டியிருக்கிறான். அதன்பின் பயிற்சியாசிரியர் அதே வண்டியில், அதே டயர்களோடு, அதே குழாயோடு ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாராம். அவனைவிட 9 நொடி முந்தி வந்துவிட்டாராம்.

"மாமா, 90,000 ரூபாய் கொடுத்தால் அரை நொடி. அந்த ஒன்பது நொடியும் என்னிடமே இருந்தது, வண்டியில் இல்லை" என்றான்.

நான் அவனுக்குச் சொல்ல நினைத்ததை அவனே எனக்குச் சொல்லிவிட்டான். நண்பர்களே, நீங்களும் ஒருநாள் இத்தகைய மதிப்பீட்டுத் தாள் ஒன்றைக் கையில் ஏந்தி நிற்கக்கூடும். அது காரைப் பற்றியதாக இருக்கலாம். வேறொரு பொருளைப் பற்றியதாகவும் இருக்கலாம். அப்போது செவி சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு கடிகாரத்தையும் ஒரு பென்சிலையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் விலை மிகக் குறைவு. அவை காக்கும் பொருளோ பெரிது.